பின்னந்தலைக்கு ஒரு வரைபடம்

கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மைனஸ். அது அவருக்கும் தெரியும். விடைத்தாளில் எந்த மூலையில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய் அங்கே நின்றுவிடுவார். இருபத்தொரு வருடமாகச் சிவப்புப் பேனாவோடு அதைத்தான் செய்துவருகிறார். பெயரைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. இதைவிட மோசமான பெயர்களோடு பணி ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். அவர் திரும்பிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் எழும்பும் சிரிப்பு. அது கேட்டால் போதும், காது மடல் சூடாகி, எழுதிய வரியை அழித்து அதே வரியை மறுபடி எழுதுவார்.

அந்த வியாழக்கிழமை தலைமையாசிரியை அவருடைய வகுப்பில் வந்து உட்காரப்போகிறார் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. எல்லா ஆசிரியர்களுக்கும் வருடத்தில் ஒரு நாள் அப்படி வரும். மேடம் கடைசி வரிசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மணி அடிக்கும் வரை வாயே திறக்காமல் எழுதிக்கொண்டிருப்பார். என்ன எழுதுகிறார் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அந்த ஒரு வாரம் யாருக்கும் சாப்பாடு ஒழுங்காக இறங்காது.

போதாக்குறைக்கு அன்றைக்கு வந்து விழுந்த பாடம் துண்டுச் சார்பு. ஒரே சார்புதான், ஆனால் இடத்துக்கு இடம் விதி மாறும். x பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ஒரு விதி, பூஜ்யத்திலிருந்து மூன்று வரை இன்னொரு விதி, மூன்றைத் தாண்டினால் வேறொரு விதி. மூன்று வரிகளையும் ஒரு பெரிய அடைப்புக்குறிக்குள் போட்டு எழுத வேண்டும். எழுதுவது சுலபம். புரியவைப்பதுதான் தலைவலி. போன மூன்று வருடமாக இந்தப் பாடத்தில் பிள்ளைகள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனிச் சார்பு என்று எடுத்துக்கொண்டு, மூன்று கோடுகளையும் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்து வைத்தார்கள். வரைபடம் முள்வேலி மாதிரி இருக்கும். அவரும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். தலையை ஆட்டுவார்கள், தேர்வில் வேலி போட்டுவிடுவார்கள்.

இப்படி வியாழக்கிழமையை நினைத்துப் பாடக்குறிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்த மனிதரிடம்தான் புதன்கிழமை சாயங்காலம் மச்சினன் வந்து நின்றான்.

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. பதினொரு வருடம் ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணி அடுக்கும் வேலையில் இருந்தவன். கிடங்கை மூடிவிட்டார்கள். ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தான். பிறகு யாரிடமும் கேட்காமல் முடி திருத்தும் பயிற்சியில் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று மாதப் படிப்பு. படிப்பு முடிந்த கையோடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, முன்பு கடிகாரம் பழுது பார்த்த சின்னக் கடையைப் பிடித்துவிட்டான். சனிக்கிழமை திறப்பு. பெயர்ப்பலகை வந்துவிட்டது, நாற்காலி வந்துவிட்டது. கை பழகத் தலைகள்தான் போதவில்லை.

மனைவி மருத்துவமனையில் செவிலி. அந்த வாரம் இரவுப் பணி. கிளம்புகிற அவசரத்தில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தம்பி கேட்டால் மறுக்காமல் உட்காருங்கள், சொந்த மாமாவே உட்காராவிட்டால் வேறு எவன் உட்காருவான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளிடம் எதிர்த்துப் பேசி வாத்தியாருக்குப் பழக்கமில்லை. நாளைக்கு மேடம் வருகிறார், தலை சீராக இருந்தால் நல்லதுதானே என்றும் ஒரு எண்ணம். கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

முன்பக்கம் வெட்டும்போது மச்சினன் உற்சாகமாகத்தான் இருந்தான். கடைக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று பேசினான். பின்பக்கம் போனதும் பேச்சு குறைந்தது. மெஷினில் மாட்டுகிற சீப்புகளை, நம்பர் கூடக் கூட முடியை நீளமாக விடுகிறவை, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினான்: ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர். மூன்றாம் நம்பர் சீப்பு தரையில் கிடந்தது. அவன் காலை எடுத்து வைத்தபோது ‘மொறுக்’ என்றது. பிறகு நான்காம் நம்பரை மாட்டும் சத்தம். அவன் வேகமாக மூச்சு விடுவது வாத்தியாரின் கழுத்தில் பட்டது. கொஞ்ச நேரத்தில் மெஷினில் சார்ஜ் தீர்ந்து, முனகி, நின்றுபோனது. பின்னால் பிடித்துக் காட்டுகிற கண்ணாடி இன்னும் வந்து சேரவில்லை என்றான் மச்சினன். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, “காலைல குளிச்சீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும் மாமா” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பினான்.

மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது வாத்தியாருக்கே ஆச்சரியம். நெற்றிக்கு மேலே படிய வாரி, காதுப் பக்கம் கச்சிதமாக, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. மச்சினன் தேறிவிடுவான் என்று நினைத்துக்கொண்டார். மனைவி பணி முடிந்து வருவதற்குள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆசிரியர் அறையில் எதிரே உட்கார்ந்திருந்த விளையாட்டு ஆசிரியர் பார்த்துவிட்டு, என்ன சார் மாப்பிள்ளைக் களை என்றார். வாத்தியார் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

தலைமையாசிரியை ஏற்கெனவே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வரிசையில் வழக்கமாகத் தூங்குகிறவள் பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். விடியற்காலையிலேயே எழுந்து பயிற்சிக்குப் போய்விட்டு வருகிற பெண். இரண்டாவது பாட வேளையில் கண் தானாக மூடிக்கொள்ளும். இன்றைக்குப் பக்கத்திலேயே மேடம் இருப்பதால் கண்ணை இமைக்காமல் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில், எல்லாரும் கேள்வி என்றே கூப்பிடும் பெண். அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட அவளுக்கு ஒரு சந்தேகம் வரும்.

வாத்தியார் வணக்கம் சொல்லி, தலைப்பைச் சொல்லி, கரும்பலகை பக்கம் திரும்பினார். பெரிய அடைப்புக்குறி ஒன்றைப் போட்டு முதல் வரியை எழுதினார்.

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

காது சூடாயிற்று. எழுதிய வரியைப் பார்த்தார். மைனஸ் எதுவும் விடுபடவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். இப்போது நாலைந்து பேர். இரண்டாவது வரியை எழுதினார். வகுப்பில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது மேஜைகள் ஆடும் சத்தத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். நாற்பது முகங்களும் சட்டென்று புத்தகத்துக்குள் போயின. மேடம் ஒருத்தர்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய உதடுகள் இரண்டும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வெளுத்திருந்தன. மேடத்தை அப்படி அவர் பார்த்ததே இல்லை.

எப்படியோ மூன்று வரியையும் எழுதி முடித்தார். கேள்வி கையைத் தூக்கினாள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் அவளுக்கு மற்றதெல்லாம் பிறகுதான். மூன்று வரி இருக்கிறது, மூன்று விதி இருக்கிறது, அப்படியானால் இது மூன்று சார்புதானே, ஏன் ஒரு சார்பு என்று சொல்கிறீர்கள் என்று கேட்டாள். மூன்று வருடமாக அவர் முட்டிக்கொண்ட அதே சுவர், பாடம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்திலேயே எதிரே வந்து நின்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவளே, “சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பின்னந்தலையில என்ன ஆச்சு?” என்றாள்.

வாத்தியார் கையைக் கொண்டுபோய்ப் பிடரியில் வைத்தார். விரல்கள் மேலே ஏறின. முதலில் சொரசொரவென்று ஒட்ட வெட்டிய முடி. கொஞ்சம் மேலே போனதும் விரல் ஒன்றில் இடித்தது, ஒரு விளிம்பு. அதன் மேல் ஏறினால் இன்னும் கொஞ்சம் தூரம் சமதளம். பிறகு இன்னொரு விளிம்பு, முதலாவதைவிட உயரமானது. படிக்கட்டு. அவருடைய தலையில் அச்சுப் பிசகாமல் கோடு கிழித்தாற்போலப் படிக்கட்டு வெட்டி வைத்திருந்தான் மச்சினன்.

அந்த நிமிடம் அவருக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. கதவு மூன்று அடி தூரத்தில் இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் விரல் இன்னும் அந்த இரண்டாவது விளிம்பின் மேலேயே இருந்தது. அதை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். ஒரு விதி, பிறகு இன்னொரு விதி. அவர் முகத்தில் மெதுவாக ஏதோ மாறுவதை முதல் வரிசை பார்த்தது.

நாற்காலியை இழுத்து வகுப்பின் நடுவில் போட்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நல்லா பாருங்க” என்றார். “இதுல எத்தனை விதி தெரியுது?”

மூன்று என்று குரல்கள் வந்தன.

“எத்தனை தலை?”

வகுப்பு வெடித்தது. இந்த முறை அடக்கிய சிரிப்பு இல்லை. ஜன்னல் அதிர்கிற சிரிப்பு. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வாத்தியாரும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கேள்வி மட்டும் சிரிக்காமல் கரும்பலகையையும் அவருடைய தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒரு தலை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பாடம் யார் கையிலும் நிற்கவில்லை. அளவுகோலை எடுத்துவரச் சொன்னார் வாத்தியார். பிடரியில் முடி தொடங்கும் இடம் பூஜ்யம். அங்கிருந்து மேலே எத்தனை சென்டிமீட்டர் என்பது x. அந்த உயரத்தில் முடி எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் சார்பின் மதிப்பு. கேள்வி அளந்தாள், இன்னொருத்தி எழுதினாள், மற்றவர்கள் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்தார்கள். பூஜ்யத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் வரை மூன்று மில்லிமீட்டர். நான்கிலிருந்து ஏழு வரை ஆறு. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பன்னிரண்டு. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், நான்காம் நம்பர் என்று வாத்தியாருக்கு இப்போது எல்லாம் விளங்கிற்று. மூன்றாம் நம்பர் காலடியில் நொறுங்கிய கதையையும் பிள்ளைகளிடம் சொன்னார். அதனால்தான் இரண்டாவது படி அவ்வளவு உயரம்.

விளிம்பு வரும் இடத்தில் ஒரு தகராறு வந்தது. சரியாக நான்காவது சென்டிமீட்டரில் முடி மூன்றா, ஆறா? இரண்டும்தான் என்றான் ஒருவன். கேள்வி, அப்படியானால் ஒரே முடிக்கு இரண்டு நீளமா என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான். அவள் மூக்கு தலையில் உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்து, கோட்டின் மேலேயே நிற்கும் முடி ஆறுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். ஆகவே வரைபடத்தில் மூன்று மில்லிமீட்டர் கோட்டின் முனையில் உள்ளே நிரப்பாத வட்டம். அதற்கு நேர் மேலே, ஆறு மில்லிமீட்டர் கோட்டின் தொடக்கத்தில் நிரப்பிய வட்டம். இந்த வட்டங்களை எதற்குப் போடுகிறோம் என்று வருடா வருடம் தொண்டை வற்றச் சொன்னவருக்கு, அன்றைக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. மேடம் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்திருந்தார். எழுந்து நின்று, பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேலே சார் உச்சந்தலையில் கொஞ்ச தூரம் முடியே இல்லையே, அங்கே சார்பின் மதிப்பு என்ன, பூஜ்யமா அல்லது மதிப்பே இல்லையா என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

வாத்தியாரின் வழுக்கையைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று வகுப்பு தயங்கியது. மேடத்துக்குப் பக்கத்தில் இருந்த கோல்கீப்பர் எழுந்தாள். அந்த வருடத்தில் அவள் கணக்கு வகுப்பில் தானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“தலை இருக்கு, முடி இல்ல. அதனால பூஜ்யம் மேடம். கழுத்துக்குக் கீழ தலையே இல்ல. அங்கதான் மதிப்பு கிடையாது.”

மேடம் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கரும்பலகையில் இருந்த வரைபடத்தை எல்லாப் பிள்ளைகளையும் போலத் தானும் வரையத் தொடங்கினார்.

இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. இந்தத் தலையோடு இன்னும் எத்தனை நாள் நடமாடுவது, இதைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள் என்றார் வாத்தியார். படி இல்லாமல், பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரையக்கூடியதாக வரைபடம் மாற வேண்டும். கேள்வி ஓடிப்போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். நான்காவது சென்டிமீட்டரில் மூன்று மில்லிமீட்டர், அங்கிருந்து ஒரு நேர்கோடு, பத்தாவது சென்டிமீட்டரில் பன்னிரண்டைத் தொட்டுவிடும். சரிவு ஒன்றரை. கோடு அழகாக இருந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். வாத்தியாரும் ஆட்டினார்.

கோல்கீப்பர் மட்டும் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்று பழைய படிக்கட்டையும் புதிய கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எந்தப் பக்கம் வரும் என்று பார்க்கிற அதே பார்வை.

“ஆறரை சென்டிமீட்டர்ல இந்தக் கோடு ஆறே முக்கால் மில்லிமீட்டர் கேக்குது சார். அங்க இருக்கிறது ஆறுதான்” என்றாள். “முடிய வெட்டலாம். ஒட்ட முடியாதே.”

வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தனக்கே அது தோன்றவில்லை என்பதை அவர் பிறகு வீட்டில் இரண்டு முறை சொன்னார். புதிய கோடு எந்த இடத்திலும் பழைய படிக்கு மேலே போகக் கூடாது. அப்படியானால் ஒரே நேர்கோடு ஆகாது. ஏழாவது சென்டிமீட்டரில் ஆறைத் தாண்டாமல் வந்து, அங்கே கொஞ்சம் வளைந்து, பிறகு வேகமாக ஏற வேண்டும். வகுப்பு முழுவதும் குனிந்து கணக்குப் போட்டது. நான்கு முதல் ஏழு வரை x கழித்தல் ஒன்று. ஏழு முதல் பத்து வரை இரண்டு x கழித்தல் எட்டு. நான்கைப் போட்டுப் பார்த்தார்கள், மூன்று வந்தது. ஏழை இரண்டிலும் போட்டார்கள், இரண்டிலும் ஆறு. பத்தைப் போட்டார்கள், பன்னிரண்டு. எங்கும் இடிக்கவில்லை. ஓர் இழுப்பில் கோடு ஓடியது. கேள்வி தன்னுடைய கோட்டைத் தானே அழித்துவிட்டு, கோல்கீப்பரின் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மேடம் வெளியே போகும்போது வாத்தியாருக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். மச்சினனின் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என்றார் வாத்தியார். “முதல்ல உங்களுக்கு இதை எப்படிச் சரி பண்றார்னு பாக்குறேன். அப்புறம் எங்க வீட்டுக்காரரை அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தது மனைவி. தூங்கி எழுந்த முகம். அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். பின்னால் சத்தமே இல்லை என்று திரும்பிப் பார்த்தால், கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பில் மூச்சு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை தம்பிக்குப் போன் போட்டு, பத்து நிமிடத்தில் மெஷினோடு வந்து நிற்கச் சொன்னதுதான்.

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. சமையலறை வாசலிலேயே நின்று, ராத்திரி முழுவதும் தூங்கவில்லை, காலையில் குளித்தால் படிந்துவிடும் என்று நினைத்தேன், அப்போதே சொல்லியிருக்க வேண்டும், பயமாக இருந்தது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். கடையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றான். பெயர்ப்பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். அக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாத்தியார் அவளைக் கையமர்த்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த வரைபடத் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். பிள்ளைகள் இரண்டு நிறத்தில் போட்டுக் கொடுத்த தாள். படிக்கட்டு சிவப்பு, புதிய கோடு நீலம்.

மச்சினன் முதலில் அதைத் தண்டனைச் சீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். கிடங்கில் இருப்பு ஏறுவதையும் இறங்குவதையும் வரைபடத்தில் பார்த்துப் பழகியவன் என்பதால் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இது கீழிருந்து மேலே போகிற உயரம், இது முடி நீளம் என்று வாத்தியார் சொல்லத் தொடங்குவதற்குள் அவன் விரல் நீலக் கோட்டின் மேல் ஓடத் தொடங்கிவிட்டது. நான்கு வரை சமம். பிறகு மெல்ல ஏற்றம். ஏழில் ஒரு வளைவு. பிறகு செங்குத்தான ஏற்றம். விரலோடு அவனுடைய மணிக்கட்டும் திரும்பியது.

“இதைத்தான் மாமா அந்த மாஸ்டர் மூணு மாசமா சொன்னாரு” என்றான். “கையத் திருப்பு, கையத் திருப்புன்னு. எங்க திருப்பணும், எவ்வளவு திருப்பணும்னு எனக்குப் புரியவே இல்ல. ஏழாவது சென்டிமீட்டர்லனு சொல்லியிருந்தா எனக்கு அப்பவே வந்திருக்கும்.”

எண்களோடு பதினொரு வருடம் வாழ்ந்தவனுக்கு எண்ணில் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் அது தோன்றவில்லை. அக்காள் மருத்துவமனைப் பையிலிருந்து வெள்ளை ஒட்டுப்பட்டியை எடுத்து, அளவுகோல் வைத்து, கணவனின் பின்னந்தலையில் நான்கு, ஏழு, பத்து என்று மூன்று அடையாளம் ஒட்டினாள். காயத்துக்குக் கட்டுப் போடுவதைவிடக் கவனமாக ஒட்டினாள். இந்தத் தடவை மச்சினன் மெஷினை எடுக்கவில்லை. சீப்பைச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் கத்தரியை ஓட்டினான். ஏழுக்குக் கீழே சீப்பு கொஞ்சம் சாய்வு, ஏழுக்கு மேலே இன்னும் சாய்வு. ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் அக்காள் இரண்டு முறை அளந்து பார்த்து, இன்னும் கொஞ்சம், போதும் என்று சொன்னாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்று கழுத்தில் பட்ட மூச்சு இன்றைக்கு நிதானமாக இருந்தது.

அக்காள் கைக்கண்ணாடியையும் குளியலறைக் கண்ணாடியையும் எதிரெதிரே பிடித்துக் காட்டினாள். படிக்கட்டு இருந்த இடம் தெரியவில்லை. மச்சினன் தரையில் கிடந்த முடியைக் கூட்டினான். கூட்டிக்கொண்டே மெதுவாகச் சீட்டியடித்தான். வரைபடத் தாளைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்கியதும் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. வாத்தியார் தானாகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கோல்கீப்பர் அளவுகோலோடு வந்தாள். ஆறரை சென்டிமீட்டரில் ஐந்தரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அளந்தாள். ஐந்தரையேதான் என்றாள். ஐந்தே கால் போலத் தெரிகிறது என்று கேள்வி சண்டைக்கு வந்தாள். இரண்டு பேரும் அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டு மாறி மாறி அளந்ததில் பத்து நிமிடம் போயிற்று. கடைசியில் அடுத்த பெஞ்சிலிருந்த பெண் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து விவகாரத்தை முடித்துவைத்தாள். அன்றைக்கு வைத்த சின்னத் தேர்வுத் தாள்களை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை கடை திறந்தது. மச்சினன் விடியும் முன்பே போய்க் கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தான். வாத்தியாரும் மனைவியும் போனபோது வாசலில் நாலு பேர் நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கடை, புது ஆள். யார் முதலில் தலையைக் கொடுப்பது என்ற தயக்கம். மச்சினன் வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டு, கூச்சத்தோடு ஒரு உதவி கேட்டான். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார முடியுமா மாமா என்றான். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் மாப்ள?”

“ஒரு ரெண்டு தலை வர்ற வரைக்கும்.”

வாத்தியார் உட்கார்ந்தார். பையில் தேர்வுத் தாள்கள் இருந்தன. எடுத்துத் திருத்தத் தொடங்கினார். முதல் தாளில் ஒரே சார்பு, மூன்று துண்டு, ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் அடங்கி நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. ஐந்தாவது தாளில் ஒரு வட்டத்தை நிரப்ப மறந்திருந்தார்கள். சுழித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். முள்வேலி ஒன்றுகூட இல்லை. மனைவி எதிர்க்கடையிலிருந்து தேநீர் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே காலடிகள் நிற்பதும், யாரோ குனிந்து பார்ப்பதும், ஏதோ முணுமுணுப்பதும் கேட்டன. அவர் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெரியவர், அவருக்குப் பின்னால் வெட்டியிருக்கிற மாதிரியே வேண்டும் என்றார். மச்சினன் துண்டை உதறி அவர் கழுத்தில் கட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் என்ற வார்த்தை வாத்தியாருக்கு அவ்வளவாக உவப்பாக இல்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, கழுத்தை நேராக்கி உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டாவது தாளைப் பிரித்தார்.